புதுப்பிப்பு: அம்பை படித்துறை மேஃப்ளை

அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிப் படித்துறை விளக்கடியில் பிடித்த மேஃப்ளையின் (தண்ணீரில் வளர்ந்து, இறகு வந்தபின் கொஞ்ச காலமே வாழும் பூச்சி) படம் போட்டு, இது என்ன இனம் என்று கேட்டிருந்தேன். பாதி விடை கிடைத்துவிட்டது.

ஆண்தான். வயிற்று நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இடுக்கி இருக்கிறது, முன்னங்கால்களும் நீளம். கண்ணைத்தான் சொல்லியாக வேண்டும்: பக்கவாட்டில் வழக்கமான கண், அதற்கு மேலே காளான் குடை மாதிரி இன்னொரு பகுதி தூக்கி நிற்கிறது! வால் இரண்டு. ஆக, மேஃப்ளைகளில் பேட்டிடே என்ற குடும்பம். பின்னிறகு இல்லை, அதனால் அதில் குளோயான் என்ற பேரினமாக இருக்கலாம். ஆனால் பின்னிறகில்லாத பேரினங்கள் இந்தக் குடும்பத்தில் வேறும் உண்டு.

இது கேனிஸ் என்ற இன்னொரு மேஃப்ளைப் பேரினமா என்று கேட்டவருக்கு: அதற்கு வால் மூன்று, ஆணுக்கும் கண் சிறிசு.

இனப்பெயர் வேண்டுமென்றால் இடுக்கியின் கணுக்களையும் பிறப்புறுப்பின் வடிவத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். போன் படம் போதாது.

அப்புறம், இறகு மங்கலாக இருந்தால் பதப்படுத்த அவசரப்பட்டு ஆல்கஹாலில் போடாதீர்கள். அது இன்னும் முதிரவில்லை. டப்பாவில் ஒரு ராத்திரி விட்டால் பெரும்பாலும் இன்னொரு முறை தோலுரிக்கும். இறகு வந்த பிறகும் தோலுரிக்கிற பூச்சி இது ஒன்றுதான். கண்ணின் நிறம் ஆல்கஹாலில் வெளுத்துவிடும், முதலில் படம் எடுத்துவிடுங்கள்.