வேலை போன பிறகு நேஷனல் இன்சூரன்ஸை நாங்களே கட்டவேணுமோ?

கிழக்குலண்டன்_57

வணக்கம். வயது 57. 2025 செப்டெம்பர் கடைசியோடு வேலை முடிந்துவிட்டது. மாதச் சம்பளம் 2,100 பவுண்ஸ். நேஷனல் இன்சூரன்ஸ் ரெக்கோர்ட்டில் (பிரிட்டன் அரச பென்ஷனுக்கு வருடங்களை எண்ணுகிற பதிவு) இந்த வருடத்தைச் சேர்க்காமல் 24 முழு வருடங்கள் காட்டுது. 2019-20இல் 9 கிழமை குறைவு, 2021-22 முழுக்க வெறுமை. சேமிப்பு 30,000 பவுண்ஸ் இருக்கிறதால யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவைக்கான அரச உதவி) கிடைக்காது. மனைவிக்கு 52, வேலைக்குப் போறதில்லை, மகளின்ட 3 வயதுப் பிள்ளையைப் பார்க்கிறா. இனி பென்ஷன் வயது வரைக்கும் கிளாஸ் 3 (சொந்தமா விரும்பிக் கட்டுற இன்சூரன்ஸ்) கட்டிக்கொண்டு வரவேணுமோ? ஜாப்சென்டருக்கு (வேலை தேடுறவைக்கான அரச அலுவலகம்) இன்னும் போகேல்லை.

கணக்குப்பிள்ளை

இப்போதைக்கு ஒரு பென்னியும் கட்டவேண்டாம். இலவசமாகக் கிடைக்கிறதை முதலில் எடுங்கள்.

இந்த வரி வருடம் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) உங்களுக்கு ஏற்கனவே நிரம்பிவிட்டது. 52 கிழமையும் வேலை செய்தால்தான் வருடம் கணக்கில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. சம்பளக்காரருக்குக் கிழமையை எண்ணுவதில்லை, வருடச் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். 2025-26இல் அந்த எல்லை 6,500 பவுண்ஸ். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நீங்கள் உழைத்தது 12,000க்கு மேல்.

அடுத்தது நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ், வேலை தேடுபவருக்கான கொடுப்பனவு. இதற்குச் சேமிப்பையும் பார்க்கமாட்டார்கள், வீட்டில் மற்றவரின் வருமானத்தையும் பார்க்கமாட்டார்கள். கடந்த 2-3 வருடத்தில் சம்பளத்தில் இருந்து போதிய இன்சூரன்ஸ் போயிருந்தால் போதும். 2025-26இல் கிழமைக்கு 92.05 பவுண்ஸ், அதிகபட்சம் 182 நாள். அந்த நாட்களுக்கு கிளாஸ் 1 கிரெடிட் (சம்பளத்தில் கட்டியது போல ரெக்கோர்ட்டில் சேரும் இலவச வரவு) தானாக விழும். பிந்தினால் நட்டம் உங்களுக்குத்தான், விண்ணப்பத்தை இன்றே கவ் டாட் யூகே தளத்தில் போடுங்கள்.

ஆட்கள் வழுக்கி விழுகிற இடம் 182 நாள் முடிகிற இடம்தான். காசு நின்றதும் ஜாப்சென்டர் பக்கம் போவதை விட்டுவிடுகிறார்கள், அன்றோடு கிரெடிட்டும் நின்றுவிடும். முடிவதற்கு முன்னமே உங்கள் வேர்க் கோச்சிடம் (ஜாப்சென்டரில் உங்களைப் பார்க்கிற அலுவலர்) "கிரெடிட்டுக்கு மட்டும் தொடர்ந்து கையெழுத்து வைக்க விரும்புகிறேன்" என்று கேளுங்கள். காசு வராது. ஆனால் வேலை தேடுவதைக் காட்டிக்கொண்டிருக்கும் வரை வருடம் நிரம்பும். சந்திப்பைத் தவறவிட்டால் கிழமைகள் விடுபடும். வரி வருடம் முடிந்ததும் ரெக்கோர்ட்டைப் பார்த்து, விடுபட்ட கிழமைகளுக்கு மட்டும் கட்டினால் போதும்.

பவுண்ஷில்லிங்

மேலே சொன்னது சரி. பழைய இடைவெளிக்கு வருவோம்.

உங்களுக்குப் பென்ஷன் வயது 67. அது 2035 ஏப்ரல் 6க்குப் பிறகு வருகிறது என்று வைப்போம். 2025-26 முதல் 2034-35 வரை 10 வருடம் இருக்கிறது. கிரெடிட்டாலோ வேலையாலோ அத்தனையும் நிரம்பினால் 34. முழுப் பென்ஷனுக்கு 35 வேண்டும். குறைகிறது ஒரேயொரு வருடம்.

அந்த ஒன்றை 2019-20இல் எடுங்கள். 9 கிழமைதானே, 2025-26இல் கிளாஸ் 3 கிழமைக்கு 17.75: 17.75 × 9 = 159.75 பவுண்ஸ். ஒரு வருடம் கூடினால் பென்ஷன் முழுத்தொகையில் 35இல் ஒரு பங்கு கூடும். 2025-26இன் முழுத்தொகை கிழமைக்கு 230.25, அதில் அது கிழமைக்கு 6.58, வருடத்துக்கு ஏறக்குறைய 342 பவுண்ஸ். இதைவிட மலிவாக எதுவும் வாங்கமுடியாது! ஆனால் 2026 ஏப்ரல் 5ஆம் திகதியோடு அந்தக் கதவு மூடுகிறது, ஆறு வருடத்துக்கு முந்தியதைக் கட்ட விடமாட்டார்கள்.

2021-22க்கு 2025-26 விலையில் முழுசாக 923 பவுண்ஸ் போகும். அதற்கு 2028 ஏப்ரல் 5 வரை நேரம் இருப்பதால் பொறுத்திருந்து பாருங்கள். இடையில் வேலை கிடைத்தால் தேவையே வராது. கட்டியதை "தேவைப்படவில்லை" என்று சாதாரணமாகத் திருப்பித் தரமாட்டார்கள்.

கட்டுமுன் கவ் டாட் யூகேயில் ஸ்டேட் பென்ஷன் ஃபோர்காஸ்ட் (உங்களுக்கு எவ்வளவு பென்ஷன் வரும் என்று காட்டும்) பக்கத்தைத் திறந்து, அந்த வருடத்தை நிரப்பினால் தொகை கூடுகிறதா என்று பாருங்கள். 2016க்கு முன் கம்பனிப் பென்ஷனுக்காக கான்ட்ராக்ட் அவுட் ஆனவர்களுக்கு (அதாவது குறைந்த இன்சூரன்ஸ் கட்டியவர்களுக்கு) 35 என்ற கணக்கு மாறும். அந்தப் பக்கத்திலேயே கட்டும் வசதி இருந்தால் அதுதான் சுகம். வங்கியால் அனுப்புவதென்றால் 18 இலக்கக் குறிப்பு எண்ணைக் கேட்டு எடுத்துப் போடுங்கள். அது இல்லாவிட்டால் காசு போய்ச் சேரும், எந்த வருடத்துக்கு என்று தெரியாமல் கிடக்கும்.

அம்மம்மா_டியூட்டி

எல்லாரும் ஐயாவின் கணக்கையே பார்க்கிறீர்கள், அம்மாவை விட்டுவிட்டீர்கள் :)

12 வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளையைப் பார்க்கிற, பென்ஷன் வயது வராத உறவினருக்கு கிரெடிட் உண்டு. படிவம் சி.ஏ.9176. உங்கள் மகள் வேலை செய்து அந்தச் சம்பள எல்லைக்கு மேல் உழைத்தால் அவவின் வருடம் சம்பளத்தாலேயே நிரம்பும். சைல்ட் பெனிஃபிட்டோடு (பிள்ளைக்கு அரசு தரும் காசு) வரும் கிரெடிட் அப்போது அவவுக்குத் தேவைப்படாது, அதை மனைவிக்கு மாற்றிவிடலாம். படிவத்தில் இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். வரி வருடம் முடிந்து அக்டோபர் 31 கழிந்த பிறகுதான் அனுப்பலாம், ஆகவே 2024-25ஐ இப்போதே அனுப்பலாம். பழைய வருடங்களுக்கும் கேட்கலாம்.

ஒரு சிக்கல்: மகளோ மருமகனோ 60,000க்கு மேல் உழைப்பதால் "வரியாகத் திருப்பிக் கட்டுவதுதானே" என்று சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்காமலே விட்டிருந்தால், மாற்றுவதற்கு கிரெடிட்டே இராது. காசு வேண்டாம் என்று குறித்தாவது மகள் தன் பெயரில் விண்ணப்பித்திருக்கவேண்டும். எத்தனை பிள்ளை இருந்தாலும் ஒரு சைல்ட் பெனிஃபிட் விண்ணப்பத்துக்கு ஒரு கிரெடிட்தான், ஒரே காலத்துக்கு இரண்டு பக்கத்துப் பாட்டிமாரும் எடுக்க முடியாது.

கிழக்குலண்டன்_57

மகள்தான் சைல்ட் பெனிஃபிட் எடுக்கிறா, நல்லது. பென்ஷனோட யாழ்ப்பாணம் போய் இருக்கிற யோசனையும் இருக்கு. அதால ஏதும் மாறுமோ?

பவுண்ஷில்லிங்

பென்ஷன் அங்கேயும் வரும், ஆனால் இலங்கையில் இருக்கும் வரை வருடாந்த உயர்வு கிடையாது. போகும்போது என்ன தொகையோ அதுதான் கடைசி வரை. இந்தியாவுக்கும் அப்படியே. ஆகவே 342 என்ற கணக்கு அங்கே வருடத்துக்கு வருடம் தேயும். 159.75 கொடுத்து 2019-20ஐ எடுப்பது அப்போதும் லாபம். 923 கொடுக்கும் முன் மட்டும் இதையும் சேர்த்து யோசியுங்கள். இங்கேயே இருந்து பிறகு பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த பென்ஷன்காரருக்கான அரச உதவி) எடுக்கிற நிலை வருமென்றாலும் அப்படித்தான், கூட்டிய பென்ஷனை அதில் கழித்துவிடுவார்கள்.