வெடித்த சிலிண்டர் ஹெட்டுக்கு ஆணித்தையல்

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு, வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டில் (எஞ்சினின் மேல்மூடி, உள்ளே குளிர்விக்கும் தண்ணீர் ஓடும்) விழுந்த வெடிப்பைச் சூடு காட்டாமல் அடைக்கும் ‘மெட்டல் ஸ்டிச்சிங்’ வேலைக்குத் தமிழில் ‘குளிர் ஒட்டு’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். அந்தச் சொல் வேண்டாம் தம்பி. கராஜில் ‘ஒட்டு’ என்று கேட்பவர் வெல்டிங்கையோ எபொக்சிப் பசையையோதான் நினைப்பார். எரியறைச் சூட்டில் எபொக்சி நிற்காது. வார்ப்பிரும்பில் கரிமம் 2 முதல் 4 சதவீதம். முன்சூடு கொடுக்காமல் வெல்ட் வைத்தால் ஓரம் சட்டென்று குளிர்ந்து, கண்ணாடிபோல் நொறுங்கும் வெள்ளை இரும்பாகி, பக்கத்திலேயே புது வெடிப்பு விடும்.

நடக்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். முதலில் காந்தத்தூள் போட்டு வெடிப்பின் இரு முனைகளையும் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டியும் அது ஓடியிருக்கும். முனையைத் தவறவிட்டால் ஆணிகள் ஏறிய பிறகும் அங்கிருந்து நீளும். 6 மிமீ புரி ஆணிக்கு (ஸ்க்ரூ போன்றது) 5 மிமீ துளை போட்டு, புரி வெட்டி, சீலன்ட் தடவி முறுக்குகிறோம். முதல் வரிசை 9 மிமீக்கு ஒன்று. அடுத்து ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒன்று. அது இருபக்க ஆணிகளையும் 1.5 மிமீ கடித்துக்கொண்டு உட்காரும். இந்தக் கடிதான் தண்ணீரை நிறுத்துவது. ஆணித் தலைகளை வெட்டித் தேய்த்தால் வேலை முடிந்தது. எனவே ‘ஆணித்தையல்’.

*

அண்ணே, தையல் என்றால் நூல் வேண்டாமா?

*

வேண்டாம். இலையை ஈர்க்குத் துண்டால் குத்தித் தைக்கிறோம். அதில் நூல் ஏது? ‘தையல் இலை’ என்றுதானே சொல்கிறோம். முள்ளும் காலில் தைக்கிறது. குத்தி இறங்கிப் பிடிப்பது ‘தை’ என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது.

*

சரி, ஏற்கிறேன். அப்படியானால் இரண்டு துணைச்சொற்களும் தேவை.

கூம்புப் புரி ஆணி இறங்க இறங்க வெடிப்பை அகட்டும். அதனால் வெடிப்புக்குக் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டைக்கு ‘குறுக்குப்பூட்டு’ என்று வைக்கலாம். ஆணி கசிவை அடைக்கும், பூட்டு இழுவையைத் தாங்கும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பூட்டில்லாமல் வேலையை முடித்துவிடுவார்கள்.

மற்றது, இரண்டு வால்வு இருக்கைகளுக்கு (வால்வு வந்து உட்காரும் இடங்கள்) நடுவே இருக்கும் ஒடுங்கிய உலோகம். வயலுக்கு வயல் நடுவே இருப்பதுபோல ‘வால்வு வரம்பு’ என்பேன். பழைய 1275 சிசி மினி கூப்பர் எஸ் காரின் ஹெட்டில் உள்வால்வு (இன்லெட்) சுமார் 1.4 அங்குலம், வெளிவால்வு (எக்ஸாஸ்ட்) 1.2 அங்குலம், வரம்பு அவ்வளவு மெலிந்துபோனதால்தான் முதலில் அங்கே வெடிக்கிறது. அந்த இடத்தில் ஆணித்தையல் போட்ட பிறகு இருக்கை வளையம் இறக்க வேண்டும், சுமார் 0.1 மிமீ இறுக்கத்தோடு, அதாவது வளையம் குழியைவிட அவ்வளவு பெரிதாக. இறுக்கம் கூடினால் வரம்பு மறுபடி பிளக்கும்.

நம் பக்கத்து ஏற்றங்களுக்கு இந்தச் சொல் மிகவும் வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் சுருள்வில் தளர்ந்து அழுத்தம் பிடிக்காத பழைய வண்டி, இறம்பொடை ஏற்றத்தில் கீழ் கியரிலேயே வந்தால் கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வரம்பு போய்விடும்.

*

‘வரம்பு’ அருமை. சோதனையையும் பதிவில் சேருங்கள்: நீர்வழிகளை அடைத்து, 80 பாகை வெந்நீரில் அமுக்கி, 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பது. குளிர்ந்த ஹெட்டில் மூடியிருக்கும் வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும். இதற்கு ‘வெந்நீர் அழுத்தச் சோதனை’. அலுமினிய ஹெட்டில் காந்தத்தூள் பிடிக்காது, வெடிப்புக்குள் ஊறிக் காட்டும் சாயம்தான். அதற்குத் தனிப் பதிவு எழுதுகிறேன்.