நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குப் பின் என்ன? கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

மணிமுத்தாற்றங்கரை (கேள்வி):
விருத்தாசலம் வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிது நிலம் உள்ளது. 1962இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. ஆனால் அதற்கு ஈடாக வந்த 1,000 மெகாவாட் நிலையமும் பழுப்பு நிலக்கரியில்தான் இயங்குகிறது. 2070க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக இந்தியா அறிவித்துள்ள நிலையில், இதுவும் ஒருநாள் நிற்கத்தான் வேண்டும். சுரங்கம் இருக்கும் இடத்தில் சூரியத் தகடுகளைப் பதித்துவிட்டால் போதும் என்றே இங்குப் பலரும் பேசுகிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு திட்டம் தீட்டுவதானால், முதலில் எதைக் கணக்கிட வேண்டும்?

மின்பாதை:
தகடு பதிக்கும் யோசனையையே முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். 1,000 மெகாவாட் அனல் நிலையம் எண்பது விழுக்காடு திறனில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.9 கோடி யூனிட் கிடைக்கும். ஒரு மெகாவாட் சூரியத் தகடுகள் நாளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் யூனிட்தான் தரும் என்பதால், அதே அளவு மின்சாரத்துக்கு 4,500 மெகாவாட் அளவில் தகடுகள் வேண்டும். மெகாவாட்டுக்கு நான்கு, ஐந்து ஏக்கர் என்றால் இருபதாயிரம் ஏக்கர் ஆகிவிடும். நெல் விளையும் மாவட்டத்தில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? கமுதியில் 648 மெகாவாட் அமைந்ததைப் போல, அது வறண்ட தென்மாவட்டங்களுக்கே பொருந்தும்.

நெய்வேலியிடம் இருக்கும் உண்மையான சொத்து, அங்கு வந்து சேரும் உயரழுத்த மின்தடங்களும் துணைமின் நிலையங்களுமே. மே முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியே வீசும் காற்று காற்றாலைகளுக்குக் கைகொடுக்கிறது. மார்ச் மாத மாலை ஏழு மணிக்கு வெயிலும் இல்லை, போதிய காற்றும் இல்லை. நீரை மேலேற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் கடம்பாறையின் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் மட்டும் அந்த நேரத்துக்குப் போதாது. பகலில் தெற்கிலிருந்து வரும் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் அனுப்பும் பேட்டரித் தொகுதிகளுக்கு நெய்வேலி மிகவும் ஏற்ற இடம் என்பது என் கருத்து.

ஏரிப்பாசனம்:
மேலே உள்ளது மின்சாரக் கணக்கு. நான் தண்ணீரிலிருந்து தொடங்குவேன். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இதனால் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஆழத்துக்குப் போயின; அதே வேளையில், சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரை நம்பிப் பயிர் செய்யும் வயல்களும் உருவாகிவிட்டன. மோட்டார்களை நிறுத்தும் நாளில் இந்த இரண்டும் தலைகீழாகும்.

ஜெர்மனியின் லவுசிட்ஸ் வட்டாரத்திலும் இதே பழுப்பு நிலக்கரிதான். 2038க்குள் நிலக்கரியைக் கைவிட 2020இல் அங்கே சட்டம் இயற்றி, நிலக்கரி வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். அப்படியிருந்தும், பல ஆண்டுகளாகச் சுரங்க நீரால் பெருகிய ஸ்ப்ரே ஆறு இனிக் கோடையில் எப்படி ஓடும் என்ற கேள்வி பெர்லின் வரை எழுந்திருக்கிறது. சுரங்கக் குழிகளை ஏரிகளாக்கவும் அந்த வட்டார ஆறுகளின் நீரே தேவைப்படுகிறது.

மூன்றாம் முறை:
இருவர் சொன்னதும் சரி. ஆனால் மூடும் ஆண்டு தெரியாமல் இந்தக் கணக்குகளால் பயனில்லை. நிரந்தரத் தொழிலாளர்களில் பலர் ஓய்வுபெறும் வயதை எட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை அப்படியல்ல. நிலம் கொடுத்து, அதற்கு ஈடாக ஒப்பந்த வேலை பெற்ற குடும்பங்கள் இரண்டாம் முறையும் இழப்பார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கப் பணிக்காக நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்த ஊர்களிடம், தேதி இல்லாத உறுதிமொழி எடுபடாது.

மணிமுத்தாற்றங்கரை:
மூவருக்கும் நன்றி. மண்ணை நிரப்பி மூடிய பழைய சுரங்கப் பகுதியிலாவது தகடுகளை வைக்கலாமா?

மின்பாதை:
வைக்கலாம், ஆனால் கொட்டிய மண் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும். முதலில் மண் பரிசோதனை செய்து, நிலைபெற்ற பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதியை, ஏரிப்பாசனம் சொன்ன ஜெர்மன் சுரங்கக் குழிகளைப் போல, நீர்த்தேக்கத்துக்கு விட்டுவிடுங்கள்.