கர்ட் லெவின்: உரையா, கலந்துரையாடலா?

ஈசூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்கு நீரிழிவு பற்றி உரையாற்றுகிறோம். எல்லாரும் தலையாட்டிக் கேட்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் கீழே கோப்பிக் கடையில் இனிப்பான பால் தேநீரான தே தாரிக்தான், 'கோசோங்' (சீனியில்லாதது) கேட்பவர் அரிது. சமூக உளவியல் முன்னோடி கர்ட் லெவினைப் படிக்கும்படி ஒருவர் கூறினார். அவரிடம் எங்களுக்குப் பயன்படக்கூடியது என்ன?

பழைய மாணவன்:
1890இல் அன்றைய பிரஷ்யாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த லெவின், பெர்லினில் கற்பித்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். உங்களுக்கு வேண்டியது அவருடைய போர்க்கால ஆய்வு. இறைச்சித் தட்டுப்பாட்டின்போது மாட்டிதயம், சிறுநீரகம் போன்றவற்றை இல்லத்தரசிகள் சமைக்க வேண்டியிருந்தது. சில குழுக்களுக்குச் சத்து, செலவு, சமையல் முறை அனைத்தையும் விளக்கி உரையாற்றினார்கள். வேறு சில குழுக்களிலோ, சமைக்கும்போது வீசும் வாடை, கணவரின் முகச்சுளிப்பு ஆகியவற்றைப் பெண்களே பேசித் தீர்த்து, வரும் வாரத்தில் சமைக்கச் சம்மதிப்போர் கையுயர்த்தினார்கள். பின்னர் விசாரித்தபோது, அதுவரை தொடாத இறைச்சியைச் சமைத்திருந்தவர்கள் உரை கேட்டோரில் 3 விழுக்காட்டினர், கலந்துரையாடியோரில் 32 விழுக்காட்டினர்.

தோபாயோ தமிழ்:
அந்த 32ஐ அப்படியே ஏற்க நான் தயங்குவேன். பின்னர் விசாரிக்கப்போவதைக் கலந்துரையாடிய குழுக்களுக்கு மட்டுமே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள் என்பது சிறிய வேறுபாடன்று. மேலும், 1950களில் எடித் பெல்ஸ் என்ற ஆய்வாளர் இந்த முறையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துச் சோதித்தபோது, கலந்துரையாடலோ பிறர் காணக் கையுயர்த்துவதோ பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. முடிவெடுக்கச் செய்ததும், குழுவில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள் என்ற எண்ணமுமே செயலுக்குத் தூண்டின. ஆகவே, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஈசூன்வாசி:
அப்படியானால், உரையின் முடிவிலேயே 'இந்த வாரம் சீனியில்லாத் தே குடிக்கிறேன்' என்று ஒவ்வொருவரையும் முடிவெடுக்கச் சொல்லலாமா?

பழைய மாணவன்:
தாராளமாக. ஆனால் யாரை அழைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். உணவு மேசைக்கு வரும் வழிகளில் ஒரு 'வாயிற்காவலர்' இருக்கிறார், மாற்றம் அவரிடம் தொடங்க வேண்டும் என்பது லெவினின் கருத்து. அன்று அது இல்லத்தரசி. இன்று நம் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் மளிகை வாங்குபவர் மருமகள், சமைப்பவர் பணிப்பெண். உங்கள் கூட்டத்துக்கோ மாமியார் மட்டும் வருகிறார். கோப்பிக் கடைத் தேநீரை அவரே முடிவு செய்யலாம், வீட்டுச் சாப்பாட்டை அப்படி முடிவு செய்ய இயலாது.