பேஸ்லைனுக்குத் தமிழ்: பெற்றோர் துண்டறிக்கைக்கு ஒரு சொல் வேண்டும்

தக்கலை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதற்கு முந்தின நாள் மதியத்துக்குள் துண்டறிக்கை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளையை எப்படி மதிப்பிடுகிறோம் என்று ஒரே பக்கத்தில் சொல்லும் அறிக்கை. 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் 4, 5க்கும் வந்த திட்டம்தான். ஆனாலும் வாசலில் கேட்கிற கேள்வி இன்றும் ஒன்றே: "ரேங்க் எத்தனை டீச்சர்?"

இடறுவது ஒரு சொல்: பேஸ்லைன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து எழுத்தைக் காட்டுகிறோம். பிறகு சொல், சிறு தொடர், பத்தி. கணக்கில் எண்ணைச் சொல்வது, கூட்டல், இனமாற்றிக் கூட்டல். பிள்ளை எங்கே நிற்கிறதோ அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரிக்கிறோம். பாஸ், ஃபெயில் எதுவும் இல்லை.

'அடிநிலை மதிப்பீடு' என்று போட்டால், "என் பிள்ளைய அடிமட்டத்துல போட்டுட்டியளா" என்று சண்டைக்கு வருகிறார்கள். 'தொடக்கநிலை மதிப்பீடு' என்றாலோ, தொடக்கப்பள்ளியில் நடக்கும் எல்லாத் தேர்வும் அதுதானே? வேறு சொல் தாருங்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நோய் இந்தச் சொல்லில் தொடங்கவில்லை. 'வளரறி மதிப்பீடு' (பாடம் நடக்கும்போதே பார்ப்பது), 'தொகுத்தறி மதிப்பீடு' (பருவ முடிவில் மொத்தமாகப் பார்ப்பது) என்று நீங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள். 'வளரறி'யை வினைத்தொகை என்பார்கள். "காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை" என்பது நன்னூல். எச்சம் என்றால் ஒரு பெயரைக் கொண்டு முடிய வேண்டும். 'வளர்' எதைக் கொண்டு முடிகிறது? 'அறி' பெயரா? முதனிலைத் தொழிற்பெயர் என்று யாராவது காப்பாற்ற வருவார்கள், வரட்டும். 'தொகுத்தறி'யில் இந்தச் சிக்கல் இல்லை, அது வினையெச்சம். ஒரே அட்டவணையில் இரண்டு சொல், இரண்டு இலக்கணம்!

உங்கள் கேள்விக்கு: வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவதைக் கடைக்கால் எடுப்பது என்கிறோம். 'கடைக்கால் மதிப்பீடு' என்று வைக்கலாம். கொத்தனார் முதல் மேஸ்திரி வரை அறிந்த சொல்.

குளச்சல்:

ஐயா, மன்னிக்கவும். "கற்றார் கடையரே கல்லா தவர்" என்று கல்வி அதிகாரத்திலேயே இருக்கிறதே. பிள்ளையின் படிப்பைப் பற்றிய தாளில் 'கடை' என்று எழுதினால், குறள் தெரிந்த ஒரு தகப்பனார் போதும், கூட்டம் முடிந்துவிடும். கடைநிலை, கடைசி பெஞ்ச் எல்லாம் கூடவே வரும். தமிழில் கீழே இருப்பதைச் சொல்லும் சொற்கள் (அடி, கடை, கீழ்) எல்லாமே கொஞ்ச தூரம் போனால் வசவாகிவிடுகின்றன.

மார்த்தாண்டம், கட்டடப் பொறியாளர்:

கட்டட வேலையில் இதற்குச் சரியான காரியமே உண்டு. டியூப் மட்டம். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை ஒரு தூணிலும் மறுமுனையை அடுத்த தூணிலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் குறி போடுவோம். தரை, சன்னல், லிண்டல் எல்லாம் பிறகு அந்தக் குறியிலிருந்துதான் அளப்பது. குறி உயர்ந்ததா தாழ்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இதுதானே பேஸ்லைன்? 'மட்டமறிதல்' என்று வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குழாய்க்குள் காற்றுக்குமிழி நின்றுவிட்டால் இரண்டு முனையும் பொய் சொல்லும். கோடை விடுமுறை முடிந்த முதல் வாரத்திலேயே பிள்ளையைச் சோதித்தால் அது குமிழியோடு மட்டம் பார்ப்பது.

தக்கலை ஆசிரியை:

குமிழி முற்றிலும் உண்மை. ஏப்ரலில் பத்தி வாசித்த பிள்ளை ஜூனில் சொல்லிலேயே திணறும். முதலில் சில நாள் பாட்டு, கதை, பழைய பாடம் என்று ஓட்டிவிட்டுச் சோதித்தால் நிலை சரியாக வரும். இதையும் அறிக்கையில் சேர்க்கிறேன்.

ஆனால் 'மட்டம்' முடியாது சார். மட்டமான சரக்கு என்பது ஒருபுறம். பள்ளிக்கூடத்தில் அதைவிடப் பிரபலமான பொருள், மட்டம் போடுவது!

தோவாளை:

சொல் கிடக்கட்டும், நிலைகளின் பெயரே எங்கள் ஊரில் தலைகீழ். பூச்சந்தையில் பிச்சி அரும்பாக இருந்தால்தான் விலை. விரிந்துவிட்டால் அது வாடப்போகிற பூ. பூ கட்டுகிற அம்மாவிடம் "உங்கள் மகன் மலர் நிலையில் இருக்கிறான்" என்றால் சந்தோஷப்படுவாரா என்று யோசித்துப் பாருங்கள். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழில் மூன்றோடு நிறுத்தினார்களே, அந்த மட்டில் நல்லது. 'வீ' என்றால் உதிர்ந்த பூ.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'செம்மல்' பழம்பூவைக் குறிக்கும், பெருமகனையும் குறிக்கும். ஐந்தாம் வகுப்புக்கு வைத்திருக்கலாம்.

குழித்துறை, மொழிபெயர்ப்பாளர்:

பேஸ்லைன் என்ற சொல் ஊருக்கு ஊர் வேறு வேலை செய்கிறது. இங்கிலாந்தில் 2021 முதல் பள்ளியில் சேரும் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முதல் 6 வாரத்துக்குள் இதைக் கட்டாயமாக நடத்துகிறார்கள். ஆனால் அது பள்ளியை அளக்க: அதே பிள்ளைகள் 11 வயதில் எங்கே நிற்கிறார்கள் என்று ஒப்பிட. நம் வகுப்பில் நாளைக்குப் பிள்ளையை எந்தக் குழுவில் உட்காரவைப்பது என்று தெரிந்துகொள்ள. ஆகவே ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டிப் பயனில்லை. நம் வேலைக்குப் பெயர் வைப்போம். 'நிலையறி தேர்வு' போதாதா?

மார்த்தாண்டம், கட்டடப் பொறியாளர்:

'தேர்வு' என்று வந்தாலே டியூஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு பேஸ்லைன் டியூஷன் மாஸ்டரின் நிலையைத்தான் காட்டும்.

குலசேகரம்:

மகளிர் குழுக் கணக்கு நோட்டில் முதல் வரி என்ன? ஆரம்ப இருப்பு. போன மாதக் கணக்கு முடிந்து கையில் நின்றது இவ்வளவு, இதிலிருந்து இந்த மாதம். இருப்பு 200 ரூபாய் என்றால் யாரும் அவமானப்படுவதில்லை, அது கணக்கு. நம் பள்ளித் தாய்மாரில் பாதிப்பேர் குழுவில் இருப்பவர்கள். 'முன்னிருப்பு மதிப்பீடு' என்று வைத்தால் விளக்கமே வேண்டாம். "ஜூனில் முன்னிருப்பு: சொல் வாசிக்கிறாள். செப்டம்பரில்: தொடர் வாசிக்கிறாள்." வரவு தெரிகிறதல்லவா?

குளச்சல்:

இது நன்றாக இருக்கிறது. என் ஓட்டு இதற்கு.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அறிவைப் பெட்டிப் பணமாக்குகிறீர்கள். "வெள்ளத்தால் அழியாது, வெந்தணலால் வேகாது" என்று கல்வியைப் பாடிய மொழியில் இருப்பு, வரவு! சொல் அமைப்பில் குற்றமில்லை, ஒத்துக்கொள்கிறேன். பொருளில் உண்டு. வட்டி எவ்வளவு என்று அடுத்து கேட்பார்கள்.

தோவாளை:

ஐயா, குழு நோட்டில் வட்டியும் உண்டுதான்.

தக்கலை ஆசிரியை:

மணி 11 ஆகிறது. தலைப்பாக "உங்கள் பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும்?" என்று போட்டு, உள்ளே முதல்முறை வரும்போது 'முன்னிருப்பு மதிப்பீடு (பேஸ்லைன்)' என்று எழுதிவிட்டேன். கீழே மூன்று வரி: மூன்றாம் வகுப்புப் பிள்ளை மொட்டுக் குழுவில் இருந்தால் வகுப்பு இறக்கியதாகப் பொருள் இல்லை; குழு ஆண்டு முழுக்க மாறாமல் இருக்காது; ரேங்க் கிடையாது. 'வளரறி' என்பதை எடுத்துவிட்டு 'பாடம் நடக்கும்போதே பார்ப்பது' என்று போட்டிருக்கிறேன். நன்றி.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'வளரறி' போனது மகிழ்ச்சி. 'முன்னிருப்பு'க்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'முன்னிலை' என்று வைக்கலாமே என்று இப்போதுதான் தோன்றுகிறது.

குளச்சல்:

ஐயா, முன்னிலை என்றால் லீடிங். ஓட்டு எண்ணிக்கை.