பட்டறை ஸ்டாண்டுக்கு என்ன வீல் போட்டீங்க?

எங்களுது கேட், கிரில் அடிக்கிற சின்னப் பட்டறைங்க. மழைன்னா வேலை உள்ளே, வெயில் தாழ்ந்தா ஷட்டருக்கு வெளியே. கட்டிங் மெஷின், கிரைண்டர், டிரில்லிங் மெஷின் எல்லாமே ஏங்கிள் ஸ்டாண்டுல வீலோடதான் நிக்குது.

கடையில முதல்ல "எத்தனை கிலோ தாங்கணும்?"னு கேப்பாங்க. மெஷினும் ஸ்டாண்டும் சேர்ந்து 120 கிலோன்னா, நாலால வகுத்து 30னு சொல்லிடாதீங்க. நம்ம தரை ஒரே மட்டமாவா இருக்கு? ஒரு வீல் அந்தரத்துல நிக்கும், பாரம் பூரா மத்த மூணு மேலதான். மூணால வகுத்தா 40. நான் 50 கிலோ தாங்குறதா கேட்டு வாங்குவேன்.

கடப்பாக்கல் இடுக்கு, ஷட்டர் பட்டை, வெல்டிங் கேபிள், எதுல மோதினாலும் 2 இஞ்ச் வீல் அங்கயே நின்னுக்கும். 4 இஞ்ச் ஏறி இறங்கிடும். ஆனா டிரில்லிங் மெஷினுக்கு ஏற்கனவே மேல்பாரம். பெரிய வீல் போட்டா இன்னும் உசரும், அதனால ஸ்டாண்டோட அடியை அகலமா அடிச்சுக்கணும்.

—

நான் தச்சு வேலை, அண்ணன் லேத். ரப்பர் வீல் பாரத்தோட மாசக்கணக்கா ஒரே இடத்துல நின்னா அடி தட்டையாயிடும். அப்புறம் தள்ளும்போது டக்கு டக்குன்னு குதிக்கும். என் மேஜைக்கெல்லாம் பியூ (பாலியூரித்தேன்) வீல்தான், தரையில கறை விழாது. அண்ணன் பட்டறையில அது ஆகாது, இரும்புச் சுருள் குத்தி உக்காந்துக்கும். அங்க நைலான். சத்தத்தைச் சகிச்சுக்கலாம், லேசா உருளும். வெல்டிங் மேஜைக்கு மட்டும் வார்ப்பிரும்பு வீல் போட்டிருக்கார், பொறி விழுந்தா நைலான் உருகிடும்.

—

பிரேக்கை யாரும் சொல்லலையே! சாதா பிரேக் வீல் உருளுறதை மட்டும்தான் நிறுத்தும், வீலைத் தாங்குற கழுத்து திரும்பிட்டுத்தான் இருக்கும். பலகையை ரம்பத்துல தள்ளினா மேஜையும் கூடவே நெளியும். உருளுறது, திரும்புறது ரெண்டையும் பூட்டுற பிரேக்கா கேளுங்க.

அதையும் நான் முழுசா நம்ப மாட்டேன். ஸ்டாண்டோட நாலு மூலையிலும் நட்டை வெல்டு வச்சு 16 எம்எம் போல்ட் இறக்கியிருக்கேன். ஒரு சுத்துக்கு போல்ட் 2 எம்எம் இறங்கும். தரையைத் தொட்டதும் ஸ்பேனரால நாலு சுத்து விட்டா வீல் தரையை விட்டு எழும்பிடும், மெஷின் சொந்தக் கால்ல நிக்கும். செக் நட் (போல்ட் நகராம இறுக்கிப் பூட்டுற ரெண்டாவது நட்) போட மறந்துடாதீங்க, கிரைண்டர் அதிர்வுல போல்ட் தானா கழண்டு வரும்.

—

டைல்ஸ் தரைன்னா அந்த போல்ட்டுக்கு அடியில ஒரு பிளேட் துண்டு வைங்க. இல்லேன்னா டைல்ஸ் கீறிடும்.