மறு: ‘சுண்ணாம்பு ஓடை’ என்ற சொல் பொருந்துமா?

குழுமத்தார்க்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் ஓடும், ஆங்கிலத்தில் ‘சாக் ஸ்ட்ரீம்’ (chalk stream) எனப்படும் ஊற்றுநீர் ஆறுகளுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ஐயா அவர்கள் முன்வைத்த ‘சுண்ணாம்பு ஓடை’ எளிய சொல்தான். ஆனால் அதைக் கேட்டவுடன் சுண்ணாம்பு கரைத்த வெள்ளை நீரே நம் மனத்தில் எழும். உண்மை நேர்மாறானது. பெய்யும் மழை நிலத்தின்மேல் வழிந்து மண்ணை அரித்து வராமல், நுண்துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த வெண்பாறைக்குள் இறங்கித் தங்கி ஊற்றாக வெளிவருவதால், அந்நீர் அடியிலுள்ள கூழாங்கற்களை எண்ணலாம் என்னும்படி தெளிந்திருக்கிறது; ஊற்றுக்கண்ணில் கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வெப்பநிலையே நிலவுகிறது. ஆகவே சொல்லில் ‘ஊற்று’ இருந்தே ஆக வேண்டும். மேலும், புதுச்சேரிக்குத் தெற்கே சுண்ணாம்பாறு என்றே ஓர் ஆறு இருப்பதால் குழப்பமும் வரும்.

அம்மையார் பரிந்துரைத்த ‘ஊற்றுக்கால்’ அழகான சொல். எனினும் அது பாலாற்று மணலில் பாசனத்துக்காக வெட்டப்பட்ட வாய்க்கால்களுக்கு உரியது. இயற்கையாக ஓடும் நீருக்கு அதைச் சூட்டினால் நம் பாசனச் சொல் ஒன்றின் பொருள் மங்கிவிடும்.

என் பரிந்துரை ‘சுண்ணவூற்றாறு’. சுண்ணம் என்றால் பொடி. அகராதிகள் சீமைச்சுண்ணாம்பு என்று குறிக்கும் அந்தப் பாறையும் நுண்ணிய கடற்பாசிகளின் தகடுகள் படிந்து இறுகிய பொடிதான். இந்த ஆறுகளைப் பராமரிப்போருக்கும் இச்சொல் உதவும். கரையில் மண்டும் இமயமலைக் காசித்தும்பையைப் பிடுங்குவதும், வண்டல் மூடிய சரளையைத் துலக்குவதும் தேவையான பணிகளே. ஆனால் குடிநீருக்காக நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தால் ஊற்றே வற்றும் என்பதைப் பெயரே நினைவூட்டும்.

நாம் தேடும் இரண்டாவது சொல், பழைய கட்டடச் சுவர்களில் கீறப்பட்ட எழுத்துகளையும் படங்களையும் குறிக்கும் ‘கிராஃபிட்டி’ (graffiti) என்பதற்கானது; அதுவும் இதே பாறையிலிருந்து பிறப்பதுதான். ஹார்ட்ஃபோர்டுஷயரில் உள்ள ஆஷ்வெல் ஊரின் ஊற்றுகளில் ரீ ஆறு தொடங்குகிறது; குளிர்நீரில் மட்டுமே வாழும் தட்டைப்புழுக்களுக்காக அவ்விடம் பாதுகாக்கப்படுகிறது. அவ்வூரின் தூய மரியா தேவாலயம் பெரும்பாலும் அப்பாறையின் இறுகிய வகையால் கட்டப்பட்டது. கல் மென்மையானதால் கூரிய முனை எதுவும் அதில் பதியும். கோபுரத்தின் உட்சுவரில், கொள்ளைநோய்க்குப் பின் மக்களுள் கடையானவர்களே மிஞ்சினர் என்று 1350 ஆம் ஆண்டைக் குறித்து யாரோ இலத்தீனில் கீறிவைத்திருக்கிறார். 1666 இல் எரிந்துபோன பழைய இலண்டன் தூய பவுல் பேராலயம் என்று கருதப்படும் ஓவியமும் அங்குண்டு. இவற்றைக் ‘கிறுக்கல்’ என்பது இழிவு. ‘சுவரெழுத்து’ என்றால் தேர்தல் விளம்பரம் நினைவுக்கு வரும். கீழடி, கொடுமணல் பானை ஓடுகளில் உள்ள குறிகளுக்கு நாம் வழங்கும் ‘கீறல்’ இருக்கையில் ‘சுவர்க்கீறல்’ போதும். கவராயத்தால் வரைந்த ஆறிதழ் வட்டமும், தென்சுவரில் பூசை நேரம் காட்டிய நிழற்கடிகையும் இதற்குள் அடங்கும்.

—

ஐயா, வணக்கம். ‘சுவர்க்கீறல்’ எனக்கு உடன்பாடே. ஆனால் பழைய கட்டடம் என்றதும் ‘கீறல்’ என்பதை விரிசல் என்று கொள்வோரும் உண்டு. முதல்முறை வரும்போது மட்டும் ‘சுவர்க்கீறல் குறிகள்’ என்று எழுதலாம். ஊற்றுக்காலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘சுண்ணவூற்றாறு’ என்று புணர்த்தினால் பள்ளி மாணவர் தடுமாறுவர். ‘சுண்ண ஊற்றாறு’ என்று பிரித்தே பட்டியலில் சேர்க்கலாமா?

—

பிரித்தே சேர்க்கலாம், அம்மா. குறிகளையும் ஏற்கிறேன்.